பட்டியலில் நான் அடித்த பெயர்

"என் மெயில் தெறக்க மாட்டேங்குது, தங்கச்சி" என்று லிகாண்டோ என் அறை வாசலில் வந்து நின்றபோது திங்கட்கிழமை காலை எட்டரை மணி. அதே வார்த்தையை அன்றைக்கு ஏழாவது ஆளிடமிருந்து கேட்கிறேன். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம்.

இந்த மிஷன் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதற்கும் நான் ஒருத்திதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் 'லுங்கோவே!' என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள், எக்ஸ்ரே அறையில் மவுஸ் நகராவிட்டாலும் 'லுங்கோவே!'தான். போதாக்குறைக்கு தலைநகர் லுசாக்காவிலிருக்கும் சபைத் தலைமையகம் எல்லோருடைய மெயிலையும் பழைய சர்வரிலிருந்து கிளவுடுக்கு மாற்றச் சொல்லிவிட்டது. குவோம்போக்கா திருவிழா வந்த வாரக் கடைசியில் ஊர் மொத்தமும் வெள்ளத்திலிருந்து படகேறி வரும் ராஜாவைப் பார்க்கத் துறைக்குப் போய்விட, நான் மட்டும் மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கும் சர்வர் அறையில் உட்கார்ந்து நூற்றெண்பது பேரின் மெயிலை மாற்றினேன். ராஜாவின் முரசுச் சத்தம் அங்கிருந்தே கேட்டது. எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரமாக எனக்கு நிம்மதி என்பதே கிடையாது. ஒருத்தருக்கும் பாஸ்வேர்டு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பவர்களிடம் போனுக்கு வரும் ஆறு எண்களைக் கேட்கிறது. போன் புருஷனிடம் இருக்கிறது. புருஷன் மீன் பிடிக்கப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வருவார். இதற்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும்.

லிகாண்டோவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது; எங்கள் பேச்சில் 'ந்தாதே', அதாவது ஐயா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். இங்கே வைத்துப் பார்க்க முடியாத நோயாளிகளை லுசாக்காவுக்கும் வெளிநாட்டு மருத்துவர்களிடமும் அனுப்பிவைக்கும் பிரிவு அவருடையது. சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷர். வாசலில் நின்று இரண்டு கையையும் மெல்லத் தட்டி, நான் "வாங்க" என்று சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைப்பார். மூன்று வார லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

அவருக்குப் புது பாஸ்வேர்டு போட்டு, என் கம்ப்யூட்டரிலேயே அவர் மெயில் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"தெறக்குதே, ந்தாதே! இதோ பாருங்க. நாப்பது சுற்றறிக்கை வந்து கெடக்குது, உக்காந்து படிங்க."

"அது தெறக்குது..."

"அப்புறம் என்ன?"

"பழசெல்லாம் காணோம். வெளிநாட்டு டாக்டருங்க லெட்டர். அது வந்திருக்கணும்."

எந்த லெட்டர் என்று எனக்கும் தெரியும். மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை லுசாக்காவுக்கு ஒரு வெளிநாட்டுக் குழு வந்து இதய அறுவை செய்யும். நாடு முழுவதிலுமிருந்து பன்னிரண்டே பேர். இந்த வருஷம் எங்கள் பக்கத்திலிருந்து நலுக்குயி என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சேர்த்துக்கொள்வதாகப் பிப்ரவரியில் எழுதியிருந்தார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தேதியைச் சொல்லி மறுபடி எழுதுவோம், இரண்டு வாரத்துக்குள் பரிசோதனை முடிவுகளோடு பதில் வர வேண்டும், வராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்தக் கெடு எப்படிப் பார்த்தாலும் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று கத்திவிட்டு வேலையில் இறங்கினேன்.

திங்கட்கிழமை முழுக்க அவருடைய பழைய கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பார்த்தேன். சேர்ந்திருந்தன. அவர் மேசைக் கம்ப்யூட்டரில் இருந்த மெயில் அமைப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். "சரி, சரி" என்றார். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி வரை கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் தலைமையகத்துக்குப் புகார் பதிந்து, அவர் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாவற்றையும் தேடச் சொன்னேன். தேடிவிட்டு, அப்படி ஒரு கடிதம் அவருக்கு வரவே இல்லை என்று பதில் போட்டார்கள்.

"வரவே இல்லையாம், ந்தாதே. அவங்க இன்னும் எழுதலையோ என்னமோ."

லிகாண்டோ என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார். "எழுதியிருப்பாங்க, தங்கச்சி. நல்லா பாரு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மூன்று தடவை அப்படி வாயைத் திறந்து மூடினார். நான்தான் கவனிக்கவில்லை.

நலுக்குயி அன்றைக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தவள், என் அறைக்கு வெளியே இருக்கும் மர பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். நெட்பால் ஆடுகிறவள். ஆடினவள் என்று சொல்ல வேண்டும். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தின்றுவிட்டது. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள். அங்கிருந்து இந்த மணலில் நடந்துவர முன்பெல்லாம் பத்து நிமிஷம் ஆகும். இப்போது வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வருகிறாள். வாய் மட்டும் குறையவில்லை.

"என்ன கம்ப்யூட்டர் அக்கா, மேகத்துக்குப் போன லெட்டர் மழையாவாவது வருமா?"

"உன் வாயை ஆபரேஷன் பண்ணச் சொல்றேன் மொதல்ல."

"பண்ணட்டும். ஆனா லெட்டர் வந்தாத்தானே டாக்டர் வருவாரு." மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, பொரித்த மாவு உருண்டை ஒன்றை எனக்கு நீட்டினாள். "சாப்பிடுங்க. வெறும் வயித்துல இருக்கறதாலதான் இப்படிச் சீறறீங்க."

வாங்கித் தின்றேன். சூடாக இருந்தது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. போனில் சொல்லிச் சொல்லி ஆகாது, நேரில் போய் இவர் என்ன செய்கிறார் என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று அவருடைய அறைக்கே போனேன். லிகாண்டோ எழுந்து நின்றார். அவருக்கு வேர்த்திருந்தது.

"உக்காருங்க. நீங்க எப்பவும் எப்படித் தெறப்பீங்களோ, அப்படியே தெறங்க. நான் தொடமாட்டேன்."

அவர் மவுஸைப் பிடித்தார். திரையில் இருந்த மெயில் படத்தை இரண்டு முறை தட்டினார். பாஸ்வேர்டு கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதன் மேல் இருந்த முகவரி லிகாண்டோவுடையது இல்லை. இவருக்கு முன் இந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்ட லிசெலியுடையது.

லிசெலி அக்கா செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

"இது லிசெலி அக்கா பெட்டியாச்சே!"

"ஆமா."

"நீங்க ஏன் அவங்க பெட்டியத் தெறக்கறீங்க?"

"அந்த நாற்காலியிலதானே நான் உக்காந்திருக்கேன், தங்கச்சி" என்றார் லிகாண்டோ. "பதினோரு வருஷமா அந்த டாக்டருங்களுக்கு அவங்கதான் எழுதினாங்க. வெளியில இருக்கறவங்களுக்கு அவங்க முகவரி மட்டும்தான் தெரியும். அவங்க போனதுக்கப்புறம் அதுலதான் வருது, அதுலருந்துதான் எழுதறேன். கீழ என் பேரைப் போடுவேன். மேட்ரனும் அப்படித்தான், அவங்களுக்கு முந்தி இருந்த மேட்ரன் பெட்டியிலதான் எல்லாம். மருந்துக் கிடங்குலயும் அப்படித்தான். இங்க யாருதான் அப்படி இல்ல?"

"மூணு நாளு! மூணு நாளா 'என் மெயில், என் மெயில்'னு சொல்லி என் உயிரை வாங்கினீங்களே, இதைச் சொல்ல வாய் வரலயா உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஜனவரி மீட்டிங்குல நீதானே சொன்ன" என்றார்.

ஜனவரியில் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டி, பாஸ்வேர்டு விஷயமாக நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லித் தலைமையகம் என்னிடம் கேட்டிருந்தது. என் வாய்க்கு நல்ல வார்த்தை வருமா? "அடுத்தவங்க பெட்டியத் தெறக்கறவங்கள நான் கையும் களவுமா புடிப்பேன். புடிச்சா லுசாக்காவுக்கு லெட்டர் போகும், வேலை போகும், பென்ஷனும் போகும்" என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பெருமையாக இருந்தேன். லிகாண்டோவுக்குப் பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

அந்தப் பெட்டி எங்கே போனது என்று தேட வேண்டிய தேவையே இல்லை. அது எனக்குத் தெரியும். கிளவுடில் எங்களுக்குக் கொடுத்தது நூற்றெண்பது இடம். சர்வரில் இருந்ததோ இருநூற்றுப் பதினோரு பெயர். சம்பளப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செத்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று முப்பத்தொரு பேரை அடித்தேன். லிசெலி அக்கா பெயர் வந்தபோது பேனா ஒரு நொடி நின்றது. அவர் இழவு வீட்டில் மூன்று நாள் தரையில் படுத்துக் கிடந்தவள் நான். இருநூறு பேருக்கு மாவு கிண்டிக் கிண்டிக் கை கொப்பளித்தவள். "ஐயோ அக்கா, உங்களையும் அடிக்கிறேனே" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் அடித்தேன். அந்தப் பெட்டியைக் கடைசியாக யார், எப்போது திறந்தார்கள் என்று சர்வரில் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. செத்தவர் பெட்டியை யார் திறப்பார்கள் என்று நினைத்தேன். இந்த மருத்துவமனையில் ஒன்பது வருஷமாக வேலை செய்துகொண்டு அப்படி நினைத்தேன்.

லிகாண்டோவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்க அவங்களை ஒரு தடவதான் பொதச்சோம், தங்கச்சி" என்றார். "நீ ரெண்டாவது தடவ பொதச்சிட்ட."

அறைக்கு ஓடினேன். முதல் வேலையாக லிசெலியின் முகவரியைக் கிளவுடில் திரும்ப உண்டாக்கினேன், இனி எழுதினாலாவது வந்து சேரட்டும் என்று. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பலர் சேர்ந்து பார்க்கும் பொதுப் பெட்டி என்று போட்டால் தனி இடமே தேவையில்லை. நூற்றெண்பதில் ஒன்று குறையாது. அந்த முப்பத்தொரு பெட்டியையும் சும்மாவே கொண்டுவந்திருக்கலாம். பெட்டிக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, இரண்டு கையாலும்.

பெட்டி இப்போது திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு வாரமாக அந்த முகவரிக்கு யார் எழுதியிருந்தாலும் அது எங்கேயும் தங்கியிருக்காது, எழுதியவருக்கே திரும்பிப் போயிருக்கும். அந்த மருத்துவர் குழுவின் பொது முகவரி ஒன்று இணையத்தில் கிடைத்தது. லிகாண்டோவை உட்கார வைத்து எல்லாவற்றையும் எழுதி, பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து அனுப்பினோம். நாங்கள் பயணத்தில் இருக்கிறோம், ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் எழுதுவோம் என்று உடனே தானியங்கிப் பதில் வந்தது.

"யாராவது ஒருத்தர் போன் நம்பர் இருக்கா, ந்தாதே?"

"பிப்ரவரி லெட்டருக்குக் கீழ ஒரு அம்மாவோட நம்பர் இருந்துச்சு. அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

பழைய சர்வரை நான் போன வெள்ளிக்கிழமைதான் துடைத்திருந்தேன். நோயாளிகள் விவரம் வெளியே போகக்கூடாது என்று மூன்று முறை துடைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது காப்புப் பிரதி வைத்த ஒரே ஒரு டிஸ்க். அது மேட்ரன் அறை இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மேட்ரன் பயிற்சிக்கு என்று கவோமாவுக்குப் போயிருக்கிறார். சாவி அவர் கைப்பையில்.

அவர் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்து இறங்கினார். பஸ் நிறுத்தத்திலேயே போய் நின்று சாவியை வாங்கினேன். என்னுடைய கம்ப்யூட்டரிலேயே பழைய பிரதியை ஏற்ற ஆரம்பித்தேன். நாற்பது சதவீதம் போனபோது கரண்ட் போயிற்று. பேட்டரி இருபது நிமிஷம் தாங்கி அதுவும் போயிற்று. கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அறுபதில் மறுபடி போயிற்று. மின்சார வாரியத்தை நான் அன்றைக்குத் திட்டின திட்டை எழுத முடியாது. நலுக்குயி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல பாதி எங்க கோச் சொல்லாத வார்த்தை. எழுதி வெச்சுக்கட்டுமா?"

"வீட்டுக்குப் போடி. இங்க உக்காந்து என்ன பண்ணப்போற?"

"போய்ட்டு மறுபடி வரதுக்கு மூச்சு வேணுமே. இங்கயே இருந்தா மிச்சம்."

ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு ஒரு கட்டிலுக்கு லிகாண்டோ ஏற்பாடு செய்தார். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வால்வு அடுத்த மழைக்காலம் வரை தாங்கினால் பெரிசு என்று சொல்லியிருந்தார். அதை லிகாண்டோ என்னிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அறுவைக்கூடத்து ஜெனரேட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்துத் தரச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கெஞ்சினேன். கெஞ்சியது நான். அதனால்தானோ என்னவோ அவர் ஆச்சரியப்பட்டு உடனே செய்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு லிசெலி அக்காவின் பெட்டி திறந்தது. பதினோரு வருஷக் கடிதங்கள், அதற்கு மேல் லிகாண்டோவின் இரண்டு வருஷம். பிப்ரவரிக்குப் போனோம். கடிதத்தின் கீழே நம்பர் இருந்தது.

"கடவுளே, கடவுளே" என்றார் லிகாண்டோ.

ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன். நாலாவது மணியில் எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா பேரைச் சொல்லிக் கேட்டு, எங்கள் மருத்துவமனை பேரைச் சொன்னதும், அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"உங்களைத்தான் நாங்க தேடிட்டே இருந்தோம்" என்றார் அந்த அம்மா. நல்ல குரல், அன்பான குரல். "மூணு தடவ எழுதினோம். ஒன்பதாம் தேதி, பதிமூணாம் தேதி, இருபதாம் தேதி. மூணு தடவையும் அப்படி ஒருத்தர் இங்க இல்லைனு திரும்பி வந்துடுச்சு. அந்தப் பிரிவையே மூடிட்டீங்களோ, அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு நெனச்சோம். கெடு வரைக்கும் காத்திருந்தா அடுத்த ஆளுக்குப் பயணம், பரிசோதனை எதுக்கும் நேரம் இருக்காது. அதனால புதன்கிழமை காலையில இடத்தை மாத்திக் கொடுத்துட்டோம்."

"புதன்கிழமை காலையிலயா?" என்று கேட்டேன்.

"பத்து மணிக்கு. இப்ப அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியாச்சு. ரொம்ப வருத்தமா இருக்கு. அடுத்த வருஷப் பட்டியல்ல இவ பேர முதல்ல போடறேன், நிச்சயம்."

லிகாண்டோ திங்கட்கிழமை காலை எட்டரைக்கு என் வாசலில் நின்றார். லிசெலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே போன் போட்டிருப்போம். அவர் சொல்லாததற்கு நான் காரணம். நான் கணக்குப் போட்டது அவருக்கும் புரிந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நான் சொல்லியிருக்கணும்" என்றார். "நான்தான் சொல்லியிருக்கணும்." முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவரால் முடியாது என்று தெரிந்துவிட்டது. நான்தான் வெளியே போனேன்.

நலுக்குயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. சுவர் மெல்லிசு, பாதி அவள் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், பேனா, ஜனவரி மீட்டிங், எதையும் விடவில்லை. என்னை அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அவள் நீட்டியிருந்த காலை மடக்கி என் பக்கம் திரும்பினாள்.

"அவங்களுக்குத் திரும்பிப் போச்சே, அதுல என்ன எழுதியிருக்கும்?"

"நீங்கள் தேடும் நபர் இங்கே இல்லைனு இருக்கும்."

"ஆனா நான் இங்கதானே இருந்தேன், அக்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இந்த பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், அதுதான் பெரிய கொடுமை.

"டாக்டர் அடுத்த வருஷத்தைப் பத்தி என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அவங்களுக்கு ஒரு லெட்டர் போடுங்க" என்றாள்.

"என்னன்னு?"

"நான் இருக்கேன்னு. வேற ஒண்ணும் வேணாம். இல்லைனு நெனச்சிட்டாங்கல்ல, அதுக்காக."

உள்ளே போய் லிசெலியின் முகவரியிலிருந்தே எழுதினேன். நலுக்குயி இருக்கிறாள், எங்கள் மருத்துவமனையில் இருக்கிறாள், வயது பத்தொன்பது. அனுப்பு என்பதை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரவில்லை. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.